நாலாவது நாற்காலி

நாற்பது நாள் சுகந்தி குடும்பத்தின் வாடகை வீட்டு மூலையில் நின்று, அவர்கள் புழங்குவதைப் பார்த்துவிட்டு, வீடு கட்டும் இயந்திரம் ஒன்று தானே வரைந்து தானே கட்டிய வீடு இது. சுகந்திக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுப்பு மேடை அவளுக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது. கணவன் தயாளன் ஈரத்துண்டை வீசும் இடத்தில்கூட ஒரு கொக்கி.

நாலு பேர் இருக்கும் வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு மட்டும் மூன்றே நாற்காலிகள். அடுப்புக்குப் பக்கத்தில், மார்பளவு உயரத்தில், சின்னப் பலகை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு?" என்று இயந்திரத்திடம் கேட்டாள்.

"நீங்க சாப்பிடறதுக்குங்க. வீட்டுக்காரருக்கும் பசங்களுக்கும் சூடா தோசை சுட்டுப் போட்டுட்டு, நாப்பது நாளும் நீங்க அடுப்படியில நின்னுட்டேதான் சாப்பிட்டீங்க."

தயாளனின் முகம் சுருங்கிப்போனது. "அந்தப் பலகைய எடுத்துட்டு நாலாவது நாற்காலி போட்ருங்க."

"சாயங்காலத்துக்குள்ள போட்ரலாங்க. அப்ப தோசை சுடறது யாருங்க? மேடைய அவங்க உயரத்துக்கு மாத்தணும்."

தயாளன் சுகந்தியைப் பார்த்தான். அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாக ஒருமுறை பார்த்தாள்.

"ஆறடி," என்றாள்.