ஆறு மணி என்றால் ஆறு மணி

சரியாக ஆறு மணிக்கு அரங்கத்தின் விளக்கை அணைக்கச் சொன்னேன்.

"உனக்கென்ன பைத்தியமாடா? ஈ காக்கா இல்ல வெளியில!" என்றாள் கெஸையா. மதராஸ் கட்டம் போட்ட பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக மேடையோரம் நின்றிருந்தாள்.

எங்கள் ஆப்பிரிக்க-கரீபிய மாணவர் சங்கத்தில் எல்லாவற்றுக்கும் சண்டைதான். யார் ஊர்ச் சோறு ருசி, யாருக்கு ஆடத் தெரியும், எதையும் விடமாட்டோம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் என் லாகோஸும் கெஸையாவின் டொமினிக்காவும் ஒற்றுமை. ஆறு மணி என்று போட்டால் எட்டு மணி. சுவரொட்டி அடித்தவனே அதை நம்பமாட்டான்.

போன வருட விழா அதனால்தான் கெட்டது. எட்டேகாலுக்குத் தொடங்கினோம். கடைசியாக வந்த கெஸையாவின் ஆட்டம் பாதியில் இருக்கும்போதே பத்து மணி ஆகிவிட்டது. காவலாளி எல்லா விளக்கையும் போட்டுவிட்டார். பஸ் ஓட்டும் அவள் அம்மா, லீவு போட்டுவிட்டு பர்மிங்ஹாமிலிருந்து வந்திருந்தார். பாதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

இந்த வருடம் நான் சங்கத் தலைவன். படிப்பும் இதோடு முடிகிறது. கெஸையாவின் ஆட்டம் முதலில், ஆறு மணி என்றால் ஆறு மணி என்று பிடிவாதமாக நின்றேன்.

திரை விலகியது.

அங்கொருவர் இங்கொருவராகச் சிலர் இருந்தார்கள். முதல் வரிசையில் உயரமான பச்சைத் தலைக்கட்டோடு ஓர் அம்மா மட்டும், மடியில் கைப்பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்ன நேரத்தை நம்பி முன்கூட்டியே வந்த ஒரே அம்மா அவர்தான். அரங்கம் மொத்தத்துக்கும் சேர்த்து அவரே கைதட்டினார்.

கெஸையா சிரித்துக்கொண்டே ஆடினாள். வாசலைப் பார்த்துப் பார்த்து ஆடினாள்.

ஏழரைக்குத்தான் கூட்டம் சென்ட் வாசனையோடு வந்து இறங்கியது. அதில் அவள் அம்மாவும் ஒருவர். புதுத் தொப்பி, கையில் கேக் டப்பா. மேடையோரத்துக்கே வந்துவிட்டார்.

"பாத்தியா, இந்தத் தடவை எவ்வளவு சீக்கிரம் வந்துட்டேன்! உன் ஆட்டம் எப்போடி?"

கெஸையா என்னை முறைத்தாள்.

"கடைசியில, ஆன்ட்டி," என்றேன் நான்.

அவர் சந்தோஷமாக இடம் தேடிப் போனார். எல்லாம் என் பிடிவாதத்தால் வந்த வினை.

"பத்து மணிக்குள்ள எப்படிடா ரெண்டு தடவை ஆடறது? யாரோட உருப்படியைத் தூக்கப் போற?" என்றாள் கெஸையா.

"தூக்கியாச்சு. அவன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான். நீ போய் பாவாடையச் சரி பண்ணு."

வழியில் நின்ற மேளத்தை நகர்த்தித் திரைக்குப் பின்னால் வைத்தேன்.

கடைசியில் கெஸையா மறுபடி ஆடினாள். முதல் தடவை ஆடியதெல்லாம் ஒத்திகைதான் என்று தோன்றியது. "என் பொண்ணு! அது என் பொண்ணு!" என்று அவள் அம்மா தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

அப்போதுதான் பச்சைத் தலைக்கட்டு எழுந்தது. தோளை அசைத்து ஆடியபடியே மேடைப் படியேறி, கைப்பையைத் திறந்தது. உள்ளே மடிப்புக் கலையாத புது நோட்டுகள். நன்றாக ஆடுபவரைப் பாராட்டும் எங்கள் ஊர் வழக்கப்படி, ஒவ்வொன்றாக எடுத்து கெஸையாவின் நெற்றியில் ஒட்ட, எங்கள் நைஜீரியக் கூட்டம் கூரை பறக்கக் கத்தியது.

கெஸையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தயங்கி நின்றாள்.

"நிறுத்தாதடி, ஆடு!" என்று யாரோ கத்தினார்கள். ஆடினாள். அவள் அம்மா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பத்தாகிவிட்டது. காவலாளி விளக்குப் பொத்தானில் விரலை வைத்தபடி, பாட்டு முடியும்வரை நின்றார்.

படியிறங்கி வந்த பச்சைத் தலைக்கட்டு என் எதிரில் நின்றது. கையில் ஒரு நோட்டு மிச்சம் இருந்தது. அதை என் வியர்த்த நெற்றியில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள்.

"எல்லாம் நீ மேளம் அடிக்கறப்ப ஒட்டணும்னு பேங்க்ல மாத்திட்டு வந்ததுடா, லாடி," என்றாள் என் அம்மா.