எர்மின் வாய் திறக்கவில்லை

"உங்க மகன் குடிச்ச மாபி பானத்துல ஷோனெல் எதையோ கலக்குறத நீங்க பாத்தீங்கல்ல? அத சொல்லுங்கம்மா," என்றார் அரசு வக்கீல் கிட்டன்ஸ்.

பிரிட்ஜ்டவுன் நீதிமன்றத்தின் சாட்சிக் கூண்டில் நின்ற எர்மின் வாய் திறக்கவில்லை. செத்தது அவளுடைய ஒரே மகன். எதிர்க் கூண்டில் நின்ற ஷோனெல், மருமகள்.

"பதில் சொல்லலைன்னா அது கோர்ட் அவமதிப்பும்மா. ஜெயிலுக்குத்தான் போகணும்," என்று மறுபடியும் எச்சரித்தார் நீதிபதி.

"போறேங்க ஐயா."

எர்மினுக்கு ஒரு மாதச் சிறை. வழக்கு தள்ளிப்போனது. ஷோனெலை மறுபடியும் ஜெயில் காவலுக்கே அழைத்துப் போனார்கள்.

வராந்தாவில் கிட்டன்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போலீஸ்ல அவ்வளவு தெளிவா சொன்னீங்களே. பேத்தி அனாதையாயிடும்னு பாக்குறீங்களா?"

"பேத்திய என் தங்கச்சி பாத்துக்குவா. நீங்க போயி சாப்பிடுங்க தம்பி."

"பெத்த பிள்ளையக் கொன்னவளுக்கே இரக்கப்படுற மாமியார இன்னிக்குத்தான் பாக்குறேன்."

எர்மின் போய் ஜெயில் வேனில் ஏறினாள்.

ஜெயிலில் பெயரைப் பதிந்துகொண்ட பெண் காவலர் கேட்டார்: "இங்க சும்மா உக்கார முடியாது. என்ன வேல தெரியும்?"

"சமையல். மாபி நல்லா காய்ச்சுவேன்."

"நல்லதாப் போச்சு. காலையில சமையல்கட்டுக்கு வந்துடு."

அன்றைக்கு முதல் தடவையாக எர்மின் சிரித்தாள்.

"நம்ம தீவுல பொம்பளைங்களுக்கு இந்த ஒரு ஜெயில்தானேம்மா? அப்போ ஷோனெலும் நான் காய்ச்சுறதத்தானே குடிக்கணும்?"