நாலாவது

"ரெண்டு ரூம் வேணும்" என்றார் காரிலிருந்து இறங்கியவர்.

"தள்ளித் தள்ளி இருந்தா நல்லது" என்றாள் பின்னாலேயே இறங்கிய மனைவி.

லாட்ஜ் அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த மீனவ கிராமத்தில் வெளியூர்க்காரர்கள் தங்க அவளுடைய ஐந்து அறைகளை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. கடல் பார்க்க வந்த எத்தனையோ ஜோடிகளைப் பார்த்திருக்கிறாள். தள்ளித் தள்ளி அறை கேட்ட புருஷன் பெண்டாட்டி இவர்கள்தான்.

இரண்டு நாள் அவர் கடற்கரையில் தனியாக நடந்தார். படகுகள் நிற்கும் இடத்திலிருந்து சவுக்குத் தோப்பு வரை காலடியை எண்ணிக்கொண்டே போவார், எண்ணிக்கொண்டே திரும்புவார். அவள் மாடி வராந்தாவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனசு நொந்தவர்கள் அலையை எண்ணுவார்கள், இந்த மனுஷன் காலடியை எண்ணுகிறாரே என்று அக்காவுக்குப் பரிதாபமாக இருந்தது.

ஒட்டுக்கேட்கும் பழக்கம் அக்காவுக்குக் கிடையாது. காதில் விழுவதைப் பாதியில் விட்டுவிட்டு நகரும் பழக்கமும் கிடையாது. மூன்றாம் நாள் காலை கொடியில் துணி காயப்போடும்போது மாடியில் பேச்சு தடித்தது.

"இருக்குற மூணையே கட்டி மேய்க்க முடியல. இதுல நாலாவதா?"

"மூணும் நல்லாத்தானே வளர்ந்து நிக்குது. இது ஒண்ணு மட்டும்."

"ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொன்னீங்க. ஒவ்வொரு தடவையும் தூக்கம் கெட்டது எனக்கு. நான் சம்மதிக்காம எதுவும் நடக்காது."

அக்கா ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு, கரையில் இஞ்சின் துடைத்துக்கொண்டிருந்த தம்பியிடம் ஓடினாள்.

"பிள்ளை விஷயம்டா. அவருக்கு வேணும், அவளுக்கு வேணாம்."

"அதுக்கு நான் என்னக்கா பண்ண முடியும்?"

"பாதியில எழுந்து போக முடியாத இடமா பார்த்து ரெண்டு பேரையும் விட்டுட்டு வா. பேசித்தானே ஆகணும்."

தம்பி கடலைப் பார்த்தான். நடுவில் மணல் திட்டு ஒன்று வெளுப்பாகத் தெரிந்தது. "மதியத்துக்கு மேல முங்கிடும்க்கா."

"அதுக்குள்ள கூட்டிட்டு வந்துடு."

திட்டில் அபூர்வப் பறவைகள் வந்து இறங்கியிருப்பதாக அவரிடம் தனியாகவும் அவளிடம் தனியாகவும் அக்கா அளந்துவிட்டாள். படகில் ஏறிய பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி போய்ச் சேர்ந்தார்கள். இறக்கிவிட்ட கையோடு, "பெட்ரோல் தீர்ந்துபோச்சு சார், எடுத்துட்டு வந்துடறேன்" என்று தம்பி துடுப்பைப் போட்டான்.

அக்கா மொட்டை மாடியில் நின்று, கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முதலில் இருவரும் திட்டின் இரண்டு முனைகளில் நின்றார்கள். அரை மணி கழித்து அவள் கரையைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் பக்கத்தில் வந்தார். பிறகு ஒரு குச்சியால் மணலில் கோடு கிழித்தார், அவள் அதைக் காலால் அழித்துவிட்டு வேறு மாதிரி கிழித்தாள்.

"சின்னப் பிள்ளைங்க மாதிரி கோடு போட்டு விளையாடுதுங்க" என்று அக்கா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

திரும்பி வரும்போது கை கோத்துக்கொண்டு வந்தார்கள். மதியச் சாப்பாட்டில் மனைவியின் மீனுக்கு அவரே முள் எடுத்துக் கொடுத்தார். அக்கா குழம்பு ஊற்ற மறந்து நின்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் மனைவி சமையலறைக்குள் வந்தாள். "அக்கா, ஒரு ரூம் போதும் எங்களுக்கு. பறவையும் இல்ல, பெட்ரோலும் தீரல, எல்லாம் உங்க வேலைதானே?"

"கோவிச்சுக்காதம்மா. நீங்க நல்லா இருக்கணும்னுதான்."

"கோபமா? இந்த உதவியை உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். அந்தத் திட்டுல நின்னு கரையைப் பார்த்ததும் என் மனசே மாறிடுச்சு. நாலாவதுக்குச் சரின்னுட்டேன்."

அக்கா ஈரக் கையாலேயே அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு குறையும் இல்லாம வரட்டும். எப்ப எதிர்பார்க்கலாம்?"

"எப்படியும் ரெண்டு வருஷம் ஆகும்."

"அவ்வளவு தள்ளிப் போடாதம்மா. கைக்குழந்தையோட நீ அலையவும் வேணாம், இங்கேயே வந்துடு. நான் பார்த்துக்கறேன்."

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தை இல்லக்கா, ஓட்டல். உங்க லாட்ஜை ஒட்டியே வருது, நூத்தி இருபது ரூம்."