ரூத்தின் முதல் அதிகாரம்

கணவனை அடக்கம் செய்ததிலிருந்து மாலை ஜெபத்தில் சுகிர்தா வேதப்புத்தகத்திலிருந்து வாசிப்பது ஒரே அதிகாரம்தான்: புருஷனை இழந்த ரூத், மாமியாரைப் பிரியமாட்டேன் என்று கூடவே நடந்து போன கதை. "நம்மள மாதிரி தாலி அறுத்தவளுகளுக்கு இதவிட என்ன ஆறுதல் வேணும்?" என்பாள் மாமியார் ரத்தினபாய். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "கர்த்தர் எனக்குத் தந்த ரூத்து இவ" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பிடி வலிக்கும்.

இன்று காலை, மனைவியை இழந்த வாத்தியார் ஒருவர் சுகிர்தாவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். வந்தவருக்கு ரத்தினபாய் காப்பிகூடக் கொடுக்கவில்லை. மாலையில் முதல் அதிகாரம் முடிந்ததும் சுகிர்தா நிறுத்தாமல் பக்கத்தைத் திருப்பப் போனாள். திரும்பவில்லை. ரூத் வேறொருவனைக் கல்யாணம் செய்துகொள்ளும் மிச்சக் கதை முழுவதும் கஞ்சிப்பசையில் ஒரே தாளாக இறுகிக் கிடந்தது. பசை பழுப்பேறியிருந்தது, இன்றோ நேற்றோ தடவியதல்ல.

"அதோட போதும்மா" என்றாள் ரத்தினபாய், மூடிய கண்ணைத் திறக்காமலே.

"சரி அத்தை."

சுகிர்தா வேதப்புத்தகத்தோடு அடுப்படிக்குப் போனாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. மூடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, புத்தகத்தை ஆவிக்கு நேராக விரித்துப் பிடித்தாள்.