சட்டியில் குதித்த இடியாப்பம்

காலையில் மிஞ்சிப்போன இடியாப்பத்தைப் பார்த்துக் குப்பைக்கூடை வாயைப் பிளந்தது. "வா ராசா, உனக்காகத்தான் காத்திருக்கேன்!"

பக்கத்து அடுப்பில் நூடுல்ஸ், "நான் சீமைச் சரக்காக்கும்! மெதுவாத்தான் வருவேன்" என்று வெந்நீரில் சொகுசாகக் குளித்தது. குளித்துக் குளித்தே களியாகிவிட்டது.

சட்டியில் குடைமிளகாயோடும் கணவாய் மீனோடும் வதங்கிக்கொண்டிருந்த இறால் அலறியது. "ஐயோ, எங்களோட புரள ஆளே இல்லையா?"

"நான் சீமைச் சரக்காக்கும்!" என்று நூடுல்ஸ் குரலிலேயே சொல்லிக்கொண்டு உள்ளே குதித்தது இடியாப்பம். சோயா சாஸைப் பூசிக்கொண்டு சுழன்று ஆடியது.

இறால் மோந்து பார்த்தது. "அடேய், உன்கிட்ட தேங்காய்ப்பால் வாசனை அடிக்குதே!"

"வெளியே சொல்லாத மச்சான், சேர்ந்து ஜெயிப்போம்!"

ஆவி பறக்கத் தட்டில் ஏறி ஊர்வலம் போகையில், இடியாப்பம் கூடையைப் பார்த்துக் கத்தியது. "அண்ணே, வாயை மூடிடாதீங்க! நிஜமான சீமைச் சரக்கு பின்னாடி வருது!"