மைனா செத்த காட்சி

அருவிக்கரைத் தொலைக்காட்சியில் ஏழு வருஷம் நிகழ்ச்சி நடத்திய மைனாவுக்கு அதே அருவியின் கரையில் முதல் சினிமா. அம்பு பட்டுச் சாகிற வேஷம். சாவதில் கஷ்டமில்லை, செத்தபின் எல்லாரும் பேசாமல் நின்றதும்தான் மைனாவுக்கு றெக்கை படபடத்தது. நிகழ்ச்சியில் இரண்டு நொடி பேச்சு நின்றாலே பதறிப்போகும் பிறவி. காட்சியை எடுத்த மூன்று முறையும் பிணம் எழுந்து, அழுதுகொண்டிருந்த அணிலிடம், "இந்தத் தருணத்துல எப்படி ஃபீல் பண்றீங்க?" என்று கேட்டுவிட்டது.

"இன்னொரு தடவை வாயைத் திறந்தா, இந்த வேஷம் கொக்குக்குத்தான்," என்றார் இயக்குநர் கரடி.

நாலாம் முறை மைனா மூச்சுகூட விடவில்லை.

"ஓகே. எந்திரிம்மா," என்றார் கரடி.

மைனா கண்ணைத் திறக்காமலே மெதுவாகக் கேட்டது: "சார், ஏதோ சத்தம் கேக்குது... இங்க ஒரு அருவி இருக்கா?"