வாயசைவுக்கு ஒட்டும் வார்த்தை

பஞ்சு பதித்த சுவர்களுக்கு நடுவே சிவப்பு விளக்கு எரிகிறது. திரையில் வேற்றுமொழித் தொடரின் மாமியார் மருமகளைப் பார்த்து ஒற்றை வார்த்தையை உமிழ்கிறாள். அவளுக்குக் குரல் கொடுக்கும் டப்பிங்காரி மைக்கின் முன் நின்று, “மலடி!” என்கிறாள். கண்ணாடிக்கு அப்பாலிருக்கும் டைரக்டர் ஹெட்போனில் அலுத்துக்கொள்கிறார்: “விஷம் பத்தலைம்மா. கெஞ்சுற மாதிரி இருக்கு.” “சார், ‘பிள்ளை இல்லாதவளே’ன்னு மாத்திக்கலாமா?” “நீளம்மா. அவ வாயை மூடுறதுக்குள்ள முடியணும். மலடிதான் கச்சிதமா உட்காருது.” டப்பிங்காரிக்கு அது தெரியாதா என்ன? சொந்தக்காரர்கள் ‘விசேஷம் ஏதாவது உண்டா’ என்று சுற்றி வளைப்பார்கள். இன்று காலையில் டாக்டர்கூட ‘இனி வாய்ப்புக் குறைவு’ என்று இங்கிதமாகத்தான் சொன்னார். வீட்டிலிருக்கும் மாமியார் மட்டும்தான் அந்த வார்த்தையைச் சொன்னாள். கத்தவில்லை, துணி மடித்துக்கொண்டே, உப்பு இல்லை என்பதைப் போலச் சொன்னாள். டப்பிங்காரி கண்ணை மூடி, அந்தக் குரலை அப்படியே எடுத்துப் பேசுகிறாள். விளக்கு அணைகிறது. “அடேயப்பா! இவ்வளவு நேரமா இதை எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தீங்க? இருங்க, ஒருதரம் போட்டுப் பார்த்துடுவோம்.” ஹெட்போனைக் கழற்றப் போன டப்பிங்காரியின் கை பாதியில் நிற்கிறது. இரண்டு காதுகளிலும், மூச்சுக்காற்று படுகிற நெருக்கத்தில், மாமியார் சொல்கிறாள். திரையில் மருமகளின் உதடு சத்தமில்லாமல் துடிக்கிறது. டைரக்டர் பொத்தானிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்கிறார்: “யாரு விசும்புறது? மருமக அழுகைக்கு வேற பொண்ணு வருதும்மா.”